வெள்ளைப் பிரிமணை

பழைய கட்டிடங்களை இடிப்பதற்கு முன் அங்கிருந்து எடுத்துவரும் துண்டுகளில் கல்நார் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது என் வேலை. சாரம் பகுதியில் எங்கள் லேப். கல்நார் என்பது ஆஸ்பெஸ்டாஸ்தான். அதன் தூசி நுரையீரலில் தங்கிவிட்டால், நோய் வெளியே தெரியப் பல வருடங்கள் ஆகும்.

ஒருநாள் மூடிப்போன பஞ்சாலையின் பாயிலர் குழாயில் சுற்றியிருந்த கயிறு வந்தது. விரல் பருமன், அழுக்கு வெள்ளை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையிலும் அதே கயிறு இருந்தது. ஆலையில் பாயிலர் வேலை பார்த்த அப்பா கொண்டுவந்தது. அம்மா அதை வளைத்துத் தைத்துப் பிரிமணையாக்கி, சோற்றுப் பானையை அதன்மேல் இறக்கி வைப்பாள். அவ்வப்போது வாசற்படியில் தட்டித் தூசி போக்குவாள்.

அன்று மாலை வீட்டில், தூசி பறக்காமல் இருக்க அதைத் தண்ணீரில் நனைத்து, ஒரு நூலை மட்டும் வெட்டி, டப்பாவில் மூடினேன்.

"அத இன்னாத்துக்குமா வெட்டற?" என்றாள் அம்மா.

"சும்மா பாக்கத்தான்" என்றேன்.

மறுநாள் லேபில் அந்த நூலைக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். மைக்ராஸ்கோப்பின் ஒளி வடிகட்டியைத் திருப்பினால் கண்ணாடி நார் இருட்டில் மறைந்துவிடும், கல்நார் மின்னும். மறைந்துவிடு என்று வேண்டிக்கொண்டே வடிகட்டியைத் திருப்பினேன். சுற்றிலும் இருண்டது. நார்கள் மட்டும் அலையலையாக, நுனி பிரிந்து மின்னின. பருத்தியும் மின்னும், அதுவாக இருக்கலாமே என்று ஒரு இழையை நெருப்பில் காட்டினேன். எரியவில்லை.

பிரிமணையை ஈரத்தோடு இரண்டு பைகளில் கட்டி, லேப் கழிவோடு அனுப்பினேன். அப்பாவுக்குக் கோபம்.

"அத தெனம் கையால பிரிச்சி சுத்தனவன் நான். எனக்கு இன்னா ஆயிடுச்சி?"

சொல்லி முடிப்பதற்குள் இருமினார். வருடக்கணக்காக இருமுகிறவர்தான். அன்றுதான் அது என் காதில் விழுந்தது.

கெஞ்சிக் கூத்தாடிப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம் முழுக்க நான் அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போதைக்கு ஒன்னும் தெரியல. வருஷம் ஒருதரம் வந்து காட்டுங்க. பீடி இருந்தா இன்னையோட வுட்டுடுங்க."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி என்னை முறைத்தார். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்:

"வீட்ல வேற யாராவது அந்தக் கயித்த பொழங்கினீங்களா?"

அம்மா மெல்லக் கையைத் தூக்கினாள். சின்ன வயதில் அதைத் தலையில் கிரீடமாக வைத்து விளையாடியது நினைவுக்கு வர, நானும் தூக்கினேன்.