முதல் பாடத்துப் பிள்ளைகள்

வயலின் வில்லில் தேய்க்கிற ராசின் கட்டிக்குக் குங்கிலிய வாசனை உண்டு. சாமிக்குப் போடும் தூபம் என்று எண்ணி, முதல்நாள் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் இராமநாதபுரத்தில் பாட்டு டீச்சர்களை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி நடந்தது. அங்கே படிக்கிறவர்கள் பாடம் நடத்திப் பழகப் பிள்ளைகள் வேண்டுமே, அதற்காக எங்களைப் போன்ற கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, சோறும் போட்டு, கையில் வயலினையும் கொடுத்தார்கள். கண்மாய் நிறைந்தால் மகளைப் பிள்ளையார் முன்னால் ஒரு பாட்டு வாசிக்க வைப்பதாக அய்யா நேர்ந்துகொண்டு, வண்டி கட்டிக் கொண்டுபோய் என்னை விட்டுவந்தார்.

அந்த "டிரெய்னிங்" அக்காமாருக்கு முதல் பாடம் நடத்துவதற்குத்தான் மார்க். ஆகவே ஏழு சுரத்தை ஏற்றி இறக்கும் சரளி வரிசையைச் சொல்லிக்கொடுத்து, மார்க்கை வாங்கிக்கொண்டு அவர்கள் போவார்கள். அடுத்து வருகிற கூட்டம் மறுபடியும் அதையே ஆரம்பிக்கும். தையல் பழகுகிறவளுக்குக் கந்தல் துணி, இவர்களுக்கு நாங்கள். வெட்கங்கெட்ட கூத்து என்னவென்றால், பரீட்சை பார்க்கிறவர் வரும் நாளில், நன்றாக வாசிக்கிற பிள்ளைகளிடமே, "வில்லை அகப்பை மாதிரிப் பிடிங்கடி, நான் திருத்துறேன்" என்பார்கள். நாங்கள் அப்படியே பிடிப்போம். அவர்கள் கொஞ்சித் திருத்துவார்கள். வந்தவர் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார்.

கண்மாய் நிறைந்தது. பிள்ளையார் பாட்டு ஒன்று சொல்லிக்கொடுங்கள் என்று நான் அழுதபோது ஒரு அக்கா சிரித்தாள்: "உனக்குப் பாட்டு வந்திருச்சுன்னா, அடுத்த பேட்ச்சுக்குப் பிள்ளைக்கு எங்கடி போறது?"

அய்யா கெஞ்சிக் கேட்டு ஒருநாளைக்கு வயலினை வாங்கிவந்தார். ஊரே கூடியிருந்தது. சந்நிதியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒன்றை, ஏழு சுரத்தையும் ஏற்றி இறக்கினேன். பிசிறில்லாமல்தான் வாசித்தேன். கூப்பிய கையோடு கண்ணை மூடி நின்ற அய்யா மெதுவாகச் சொன்னார்:

"சுதி சேத்தது போதும் தாயி, பாட்ட ஆரம்பி."

மறுபடியும் அதையே வாசித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "என்ன மாமா, ஏத்தம் எறைக்குது, தண்ணி வரலியே!" என்றது. அய்யா திரும்பி, "ஏலே, வாய மூடு. வரும்லே" என்றார். வரவில்லை. தேங்காய் உடைத்துவிட்டு வீடு திரும்பினோம்.

இன்று அந்தப் பள்ளி இல்லை. அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் என்னிடம் இல்லை. அங்கிருந்து போன டீச்சர்மார் ஊரூராக முதல் பாடம் நடத்திப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார்கள். அய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். விளக்கேற்றித் தூபம் போடும்போதெல்லாம் அந்த வாசனையோடு பிள்ளையாரிடம் ஒன்றைத்தான் சொல்லுகிறேன்: அப்பனே, நேர்ந்தவர் பேரில் குற்றமில்லை, பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை.