மூன்றாம் வரிசை, பதினான்காம் கண்ணாடி

உட்காருவதற்கு முன்னால் டெல்பெர்ட் க்ரூகர் அண்ணாந்து பார்ப்பார். தேவாலயத்தில், பல் டாக்டரிடம், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போகும் பாரில், எங்கேயும் அப்படித்தான். தலைக்கு மேலே மரமோ சிமென்டோ இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கண்ணாடி இருந்தால் இடம் மாறிவிடுவார். எங்கள் ஊர் நூலகத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்ட நாளிலிருந்து வாசலில் நின்றபடியே புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறார்.

இத்தனைக்கும் முப்பத்தொரு வருடம் கண்ணாடி பொருத்திப் பிழைத்தவர். விஸ்கான்சினில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் ஜன்னல்களில் பாதி அவர் கை பட்டவை. எழுபத்திரண்டு வயது, வழுக்கைத் தலை, விரல்களெல்லாம் பழைய வெட்டுத் தழும்பு. இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னலை விரலால் ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்ப்பார். "நல்லா உக்காந்திருக்கு" என்றால் திருப்தி. "இது இன்னும் உக்காரல" என்றால் வீட்டுக்காரர் சுத்தியல் தேட வேண்டியதுதான். ஆட்களையும் இப்படியே எடை போடுவார். புதிதாக வந்த பாதிரியாரைப் பற்றிக் கேட்டேன். "மனுசன் நல்லவன்தான். ஆனா இன்னும் உக்காரல" என்றார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் பேப்பர் வந்து விழுந்ததும் பனியில் செருப்போடு வந்து, வாசலிலேயே நின்று, பக்கம் பக்கமாகப் புரட்டுவார். எதையும் படிப்பதாகத் தெரியாது. கடைசிப் பக்கம் வந்ததும் பெரிய மூச்சு ஒன்று விடுவார். வெள்ளையாகப் புகை கிளம்பும். பிறகுதான் காப்பிக்கு உள்ளே போவார். நான் அடுத்த வீட்டுக்காரி. சமையலறை ஜன்னலில் இருந்து இதைப் பல வருடங்களாகப் பார்த்து, லாட்டரிப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வெர்னா. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின், வாரத்தில் மூன்று நாள் ஊர்த் தாவரவியல் பூங்காவின் வாசலில் டிக்கெட் கொடுக்கிறேன். அங்கே பெரிய கண்ணாடிக் கூடம் ஒன்று உண்டு. வெளியே ஏரி உறைந்து கிடக்கும்போது உள்ளே பனையும் வாழையும் நிற்கும். நாங்கள் டெல் என்று கூப்பிடும் க்ரூகர், பழுதுபார்க்க அந்தக் கூரையில் ஏறாத வருடம் கிடையாது. ஆனால் ஒரு தடவைகூட உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

"ஒரு நாள் வாங்க டெல், ஓசியிலயே விடறேன்" என்று கூப்பிடுவேன்.

"மேலேந்து பாத்திருக்கேன். பச்சையா இருக்கும். போதும்" என்பார்.

அவர் மனைவி ஆர்லீன் நேர் எதிர். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் தோழிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு, இந்தக் குளிர்காலம் முழுக்க வியாழன்தோறும் அந்தக் கூடத்துக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் ஹீட்டரைக் கூட்டினால் டெல் முணுமுணுக்கிறாராம். பனைமரத்தடியில் அது இலவசமாம்.

போன புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. ஆர்லீன் வழக்கம்போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டே உருளைக்கிழங்கைப் பரிமாறினாள்.

"பெரிய பனை கிட்ட எங்களுக்குன்னே ஒரு பெஞ்சு கிடைச்சிருக்கு, வெர்னா. மேலேந்து ஒரு சொட்டுத் தண்ணி விழுதுன்னு வேற யாரும் அங்க வர்றதில்ல. நான்தான் தோளைக் கொஞ்சம் நகத்தி உக்காந்துக்கறேன்."

டெல்லின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"எப்பலேந்து சொட்டுது?"

"ரெண்டு வாரமா. ஏன், குடை வாங்கித் தரப் போறியா?"

அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டி முன் நின்றார். டெல் தட்டில் உணவை மிச்சம் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பூங்கா திறந்தபோது முதல் ஆளாக நின்றார். தலையில் பழைய மஞ்சள் ஹெல்மெட்.

"என்ன டெல், தேங்காய் தலையில விழும்னு பயமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு டிக்கெட் குடு, வெர்னா. நீயும் வா."

கூடத்தின் கதவு ஸ்பிரிங் வைத்தது. விட்டால் படாரென்று அடிக்கும். நான் வழக்கம்போல உள்ளே நுழைந்து கையை எடுக்கப் போனேன்.

"விடாத! கதவைப் பிடிச்சுக்கோ. ரெண்டு கையாலயும்."

அந்தக் குரலைக் கேட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெக்கையில் அவர் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொண்டது. அதைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பத்தடி தூரத்தில் வாழை குலை தள்ளியிருந்தது. எங்கள் ஊரில் அதைப் பார்க்க ஜனங்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரோரம் இரும்புத் தூலத்துக்கு அடியிலேயே நகர்ந்து, விரல் நீட்டிக் கூரையை எண்ணிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"மூணாவது வரிசை. பதினாலு. இறங்கியிருக்கு பார்."

அந்தக் கூரையில் கண்ணாடிகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்று மட்டும் ஒரு விரல் அளவு கீழே சரிந்து, மேல் விளிம்பில் கீற்றாக வானம் தெரிந்தது. அதன் வழியாக உருகிய பனி சொட்டாக இறங்கியது. கீழே பெரிய பனை. பனைக்கு அடியில் அந்தப் பெஞ்சு.

"அது நான் வச்சது" என்றார். "பத்தொம்பது வருஷம் முந்தி, நவம்பர்ல. பனி கொட்டுது, இருட்டுது, இறங்கு இறங்குன்னு மேஸ்திரி கத்தறான். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அடியில ரெண்டு பித்தளைக் கொக்கி போடணும், சரியாம இருக்க. கடைசி ஒண்ணுக்குக் கொக்கி தீந்துபோச்சு. வெறும் மக்குப் பசையைப் பூசி ஒட்டிட்டு வந்துட்டேன். காலையில வந்து போட்டுக்கலாம்னு. காலையில ரெண்டடி பனி. அடுத்த வாரம் வேற ஊர்ல வேலை."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை இதே கூரையில ஏறியிருக்கீங்க!"

"அந்தப் பக்கம் போகவே மாட்டேன். அதை அசைச்சா கையோட வந்துருமோன்னு பயம். சொல்லவும் பயம். வருஷம் ஆக ஆக வாய் வரல, வெர்னா. க்ரூகர் வச்ச கண்ணாடின்னா கண்ணை மூடிக்கிட்டு நம்புவாங்க. அந்தப் பேரு போயிடுமே. தினம் பேப்பர்ல முதல்ல அதைத்தான் தேடுவேன், யாரு மேலயாவது விழுந்துச்சான்னு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நானே எத்தனை சாண்ட்விச் தின்றிருக்கிறேன்! எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளை என் பஸ்ஸிலேயே இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன்! திட்ட வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அப்படி வெளுத்த முகத்தை அதுவரை ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேலாளர் கர்ட்டுக்குப் போன் போட்டேன். பின்பக்கம் நாற்றுப் பண்ணையில் இருந்தார். கயிறும் ஆளும் கூட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்.

"பத்து நிமிஷமா?" என்று முனகினார் டெல். "வெயில் ஏறுது. மேல பனி இளகினா கண்ணாடியையும் இழுத்துக்கிட்டுத்தான் வரும்."

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஆர்லீனின் சிரிப்பு கேட்டது. வியாழக்கிழமை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"உள்ள போகாதீங்க!" என்றேன். கதவு அடிக்கும் அதிர்விலேயே கண்ணாடி விழுந்துவிடுமோ என்று, கதவை விட்டுவிட்டு மறிக்கவும் முடியவில்லை.

"வெளியே மூக்கு உறைஞ்சு போச்சு, தள்ளு" என்று ஆர்லீன் என் கைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். தோழிகள் இருவரும் அவள் பின்னாலேயே நுழைந்தார்கள்.

"அட, டெல்! ஆணி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க என்ன பண்ற? அதுவும் தலையில சட்டியோட!" என்று கேட்டுக்கொண்டே நேராகப் பெஞ்சுக்குப் போய்த் தையல் பையை அதன்மேல் வைத்தாள்.

"ஆர்லீன், அங்க உக்காராத."

"ஏன்? உன் பேரா எழுதியிருக்கு?"

"ஆமா" என்றார் டெல். "மேல பாரு. அந்தக் கண்ணாடி நான் வச்சது. கொக்கி போடாம வச்சேன். எப்ப வேணா விழும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று பெண்களின் காதிலும் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அதுவும் அவருக்குத் தெரியும். ஆர்லீன் அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது, கால் நகரவில்லை. தோழிகள் ஒன்றும் புரியாமல் பெஞ்சை நோக்கி இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

பத்தொன்பது வருடம் அந்தக் கண்ணாடியின் பக்கம் போகாத மனிதர், இரும்புத் தூலத்தின் அடியை விட்டு வெளியே வந்தார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி ஆர்லீனின் தலையில் கவிழ்த்தார். அவள் தோளைப் பிடித்துத் திருப்பித் தோழிகள் பக்கம் நெட்டித் தள்ளினார். பிறகு பெஞ்சின் நட்டநடுவில், வேறு யாருக்கும் இடமில்லாதபடி இரண்டு பக்கமும் கைகளை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. டெல்பெர்ட் க்ரூகர் அண்ணாந்து பார்க்கவில்லை.