மதிய மேசையில் ரோஸ்மேரி அக்கா சொன்ன கொலைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை நான் டெப்பனரில், எங்கள் மூலைக்கடையில், பால் வாங்கிக்கொண்டு நின்றபோது என்னோடு வேலைசெய்யும் பரமேஸ் அக்கா தொலைபேசியில் அழைத்தார். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "பிள்ளை, ரோஸ்மேரி எங்களை விட்டிட்டுப் போட்டாளடி. நித்திரையிலையே மாரடைப்பாம்." நான் அங்கேயே அழுதேன், அந்தப் பக்கத்தில் அவரும் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "பாவி, ஆர் கொன்றதெண்டு சொல்லாமல் போட்டாளே!" என்றார். காசாளர் மேசையில் நின்ற தமிழ்ப் பெடியனுக்கு முகம் வெளிறிவிட்டது.

ரோஸ்மேரி அக்காவோடு வேலைசெய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரப்போகிறவர்களில் பலர் அவரைத் தேவாலயப் பாடற்குழுவில் மட்டும் கண்டவர்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் வெளுத்து அனுப்பும் ஆலையில் நாங்கள் வேலைசெய்கிறோம். நாள் முழுவதும் நிற்கவேண்டும். நீராவியில் தலைமயிர் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடும் கதைக்க முடியாது. வேலை நேரத்தில் நாங்கள் மனிதர்களாக இருப்பது மதியத்து அரை மணித்தியாலம் மட்டுந்தான். அந்த அரை மணித்தியாலத்தை ரோஸ்மேரி அக்கா கொலைகளால் நிரப்பினார்.

அவர் மட்டக்களப்புக்காரர். பிரெஞ்சு பேசும் இந்த நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு மாடி வீட்டில் இருந்தார். தேவாலய நிலவறையில் நடக்கும் பழைய புத்தகச் சந்தையில் பைநிறைய ஆங்கில நாவல்கள் வாங்குவார். எல்லாம் ஒரே வகை. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சின்ன ஊர், நடுவில் ஒரு தேவாலயம், பீச் பழக் கேக் சுடும் ஒரு விதவை, ஒரு கொலை. பொலிசுக்கு மண்டை வேலை செய்யாது. விதவை செபிப்பாள், கேக் சுடுவாள், ஊர்ப்புதினம் கேட்பாள், கொலைகாரனைப் பிடிப்பாள். எவரும் கெட்டவார்த்தை பேசமாட்டார்கள். இரத்தம் ஒரு துளிக்கு மேல் சிந்தாது. அட்டையில் எப்போதும் ஒரு பூனை இருக்கும்.

அதை அவர் தமிழில், நாளுக்கு ஒரு துண்டாக எங்களுக்குச் சொல்வார். "போதகரிட பெஞ்சாதி" என்று தொடங்கும்போதே, பாதர்மாருக்குக் கல்யாணமே இல்லாத கத்தோலிக்கரான அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சரியாகக் கதவு திறக்கிற இடத்தில், அல்லது கடிதம் பிரிக்கிற இடத்தில் சாப்பாட்டுப் பெட்டியை மூடுவார். "மறுகா சொல்லுறன்." மறுகா என்றால் அவர்கள் ஊரில் பிறகு. எங்கள் ஆலையில் அதற்கு, நாளைக்கும் வேலைக்கு வா என்று பொருள்.

ஒருமுறை பரமேஸ் அக்கா லீவு முடிந்து வந்தபோது கதை நடுவில் நின்றது. மேபல் என்ற விதவையைப் பொலிஸ் பிழையாகப் பிடித்துச் சிறையில் அடைத்திருந்தது. "பாவம் மேபல், ஒரு குற்றமும் செய்யல்ல. தனிய மறியல்ல கிடக்கா" என்று ரோஸ்மேரி அக்கா சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துச் சைவரான பரமேஸ் அக்கா, மேபல் என்பது ரோஸ்மேரி அக்காவின் அமெரிக்காச் சொந்தக்காரி என்று நினைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை முருகன் கோவிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். உடனே அங்கிருந்தே ரோஸ்மேரி அக்காவுக்குத் தொலைபேசி.

"ரோஸ்மேரி, மேபல் என்ன நட்சத்திரம்?"

ரோஸ்மேரி அக்கா சிரிக்கவில்லை. "தெரியாதுகா. சாமிட நட்சத்திரத்தில செய்யச் சொல்லுங்க" என்றார்.

திங்கட்கிழமை விபூதியும் வாழைப்பழமும் மேசைக்கு வந்தன. கதையில் அன்றுதான் மேபலுக்கு விடுதலை. பிறகு உண்மையைச் சொன்னபோது பரமேஸ் அக்கா துளியும் வெட்கப்படவில்லை. "அதுக்கென்ன? வெளியிலை வந்திட்டாள்தானே" என்றார். அந்த வாழைப்பழத்தை எல்லோரும் பங்குபோட்டுச் சாப்பிட்டோம்.

எனக்கு இந்த நாவல்களைக் கண்டால் எரிச்சல். பஸ்ஸில் ஒருநாள் கேட்டேன்: "அக்கா, தெற்கு எண்டு சொல்லுறீங்கள், அங்கை ஒரு கறுப்பினச் சனமும் இல்லையோ? பஞ்சு பொறுக்கின ஆக்களின்ரை பேரப்பிள்ளையள் எங்கை? இந்தக் கேக் கடையிலை கோப்பை கழுவிறது ஆர்?"

அவர் யோசித்தார். "மெய்தான். எழுதினவ விட்டிற்றா. நான் போடுறன்."

அடுத்தநாள் மதியம் கேக் கடையின் பின்பக்கத்தில் ரூத் என்றொரு கறுப்பினப் பெண் திடீரென்று கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். சம்பளம் கூட்டிக் கேட்டாள். மூன்றாம் நாள் முக்கியமான தடயத்தை அவளே கண்டுபிடித்தாள். எழுதினவருக்கு இது தெரியாது.

"ஏன் அக்கா இதுகளையே வாசிக்கிறீங்கள்?" என்று இன்னொருமுறை கேட்டேன். அவருடைய மூத்த அண்ணனை எண்பதுகளில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "இதுல கடைசிப் பக்கத்துல ஆரு கொன்றதெண்டு தெரியவரும் புள்ள" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அதோட நல்ல கேக்கும் கிடைக்கும்" என்றார். என்னுடைய விமர்சனத்தில் பாதி அந்த பஸ்ஸோடு போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

போன குளிர்காலத்தில் நிர்வாகம் மதிய இடைவேளையை உடைக்கப் பார்த்தது. இயந்திரம் நிற்கக்கூடாது, அதனால் பாதிப்பேர் பதினொன்றரைக்கும் பாதிப்பேர் பன்னிரண்டுக்கும் சாப்பிடவேண்டும். நான் மூன்று மொழியில் துண்டுப்பிரசுரம் எழுதி எல்லோர் கையிலும் கொடுத்தேன். பின்னேரம் அதில் வடை சுற்றியிருந்தது.

"நானும் வாசிக்கல்ல புள்ள" என்றார் ரோஸ்மேரி அக்கா. "ஒருத்தரும் சாகாத கதைய ஆரு வாசிக்கிற?"

புதிய ஒழுங்கின் முதல்நாள் முதல் கூட்டம் போய் உட்கார்ந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. "அவங்களும் வரட்டும். ஒரு ஆள ரெண்டு தரம் கொல்ல ஏலாது." அவ்வளவுதான். அடுத்தநாள் பதினொன்றரைக்கு மணி அடித்தபோது ஒருவரும் அசையவில்லை. எங்கள் தமிழ்க்கதை விளங்காத ஹெயிட்டி நாட்டுப் பெண்கள்கூட எங்களைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். பன்னிரண்டுக்கு எல்லோரும் ஒன்றாக நடந்தோம். மனேஜர் பிரெஞ்சில் கத்தினார். ரோஸ்மேரி அக்கா அவருக்கு முன்னால் புட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே, "முசியு, ஒன் மான்ஜ் ஆன்சாம்பிள்" என்றார். நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அந்தக் கிழமை முழுக்க அப்படியே நடந்தது. அடுத்த கிழமை பழைய நேரம் திரும்பி வந்தது. என் துண்டுப்பிரசுரம் செய்யாததை, பாடற்குழுவில் ஓர்கன் வாசிக்கிற கிழவரை யார் கொன்றார் என்ற கேள்வி செய்தது. அந்தக் கிழமை எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று, நகரின் மேற்குக் கோடியான இல்-பிசாரில் இருக்கும் மகள் ஷரன் அம்மாவின் வீட்டிலிருந்து எங்களுக்கென்று ஒரு பெட்டி புத்தகத்தோடு வந்தாள். கட்டிலருகில் கிடந்த, எங்களுக்குப் பாதியில் நின்ற நாவல் மேலே இருந்தது. நாங்கள் செபமாலை முடியும்வரை பொறுத்தோம். பிறகு பரமேஸ் அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, காதோடு கேட்டார்: "பிள்ளை, குறை நினையாதை. கடைசிப் பக்கத்தை ஒருக்காப் பார்க்கிறியே?"

ஷரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு புரட்டினாள். "பல் டொக்டர்."

"நான் சொன்னனான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எல்லோருக்கும். ஷரன்தான் எல்லோரிலும் கூடச் சிரித்தாள். பாதர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். போகும்போது ஷரன் அந்தப் பெட்டியை என் கையில் தந்தாள்.

அடக்கத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மனேஜர் வந்து அனுதாபம் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அரை மணித்தியாலம் கழித்துச் சுவரில் புதிய சாப்பாட்டு நேரத்தை ஒட்டினார். பாதிப்பேர் பதினொன்றரைக்கு, பாதிப்பேர் பன்னிரண்டுக்கு. அடக்கம்செய்த மண் காயவில்லை. துண்டுப்பிரசுரத்தின் முதல் வரியை மனதில் எழுதத் தொடங்கினேன்.

பதினொன்றரை மணி அடித்தது. சிலர் கையுறையைக் கழற்றினார்கள். சிலர் தயங்கி நின்றார்கள். பரமேஸ் அக்கா இயந்திரத்துக்கு மேலால் என்னைப் பார்த்துக் கத்தினார்: "என்னடி பார்க்கிறாய்? அந்தப் பெட்டி உன்னட்டைத்தானே கிடக்கு!"

"எனக்குக் கதை சொல்லத் தெரியாது அக்கா!"

"வாசிக்கத் தெரியும்தானே? பன்னிரண்டுக்குச் சொல்லு. எல்லாருக்கும் சொல்லு."

கழற்றிய கையுறைகள் திரும்பக் கைகளில் ஏறின.

ரோஸ்மேரி அக்காவின் கோட்டோ சிலுவையோ என்னிடம் இல்லை. எனக்கு மிஞ்சியது பூனைப்படம் போட்ட ஒரு பெட்டி நாவல்களும், அவற்றை மேசையில் ஒருவரும் குறையாமல் இருக்கும்போது மட்டும் சொல்லவேண்டும் என்ற வேலையும்தான். கடுப்போடுதான் வாசிக்கிறேன். இரவில் சிலவேளை இரண்டு அத்தியாயம் கூடப் போய்விடுகிறது, அதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம். அன்று பன்னிரண்டுக்கு எல்லோரும் வந்து உட்காரும்வரை நின்றேன். "ஒரு சின்ன ஊர்" என்று தொடங்கினேன். "கேக் கடைக்காரி விடிய எழும்பிக் கதவைத் திறக்கிறாள். மாச்சாக்குக்குப் பின்னாலை ரெண்டு சப்பாத்து தெரியுது."

"ஆம்பிளையின்ரையோ, பொம்பிளையின்ரையோ?" என்றார் பரமேஸ் அக்கா.