பத்துக்கு மேல் போகக் கூடாது

என் மனிசனை நான் ஏழு மாதம் ஏமாற்றினேன். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில் அவருக்கு நெஞ்சு நோ வந்தது. வயது நாற்பத்தெட்டு. எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பசில் கிளாக்கர் வேலை. அளவெட்டியில் எங்கள் வீட்டு வாசல் படலையில் இருந்து கம்பஸ் வாசலுக்கு ஏழு மைல். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்தாலும் அவர் ஏற மாட்டார். சின்ன வயதில் இருந்து சைக்கிள்தான், அதுவும் பறக்க வேண்டும். முன்னால் ஒருவன் போனால் அவனை முந்தாமல் விட மாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் வேர்த்து ஒழுகித்தான் வந்து நின்றார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

டொக்டர் வயதானவர், பழைய ஆள். சைக்கிளை விடச் சொல்லத்தான் பார்த்தார். இவர் கெஞ்சிய கெஞ்சலில் இறங்கி வந்தார்.

"சரி, ஓடும். மணித்தியாலத்துக்குப் பத்து மைலுக்கு மேலை போகக் கூடாது. காத்துக்கு எதிரா எண்டால் இறங்கி உருட்டும்."

"பத்து மைல் எண்டு எனக்கு எப்பிடி டொக்டர் தெரியும்? சைக்கிளிலை மீற்றரோ கிடக்கு?"

ஏதோ பெரிய கெட்டித்தனம் பேசிவிட்டது போல இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிரவே ஜேர்மனியில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினேன். சைக்கிளுக்குப் பூட்டுகிற மீற்றர் அங்கே விற்கிறார்கள் என்று அவன் முன்பே எழுதியிருந்தான். இரண்டு மாதத்தில் கொழும்புக்கு வந்த ஒருவர் கையில், காலுறைக்குள் சுற்றி அனுப்பிவிட்டான்.

நெருப்புப் பெட்டியை விடச் சிறிய சாமான். கை பிடிக்கிற காண்டிலில் பூட்ட வேண்டும். முன்சில்லுக் கம்பியில் ஒரு காந்தம், அதற்கு நேரே சில்லைத் தாங்குகிற கவட்டில் ஒரு குமிழ், அங்கிருந்து மேலே ஒரு வயர். ஒரு நேரத்தில் ஒரு எண்தான் தெரியும். வேகம், மணி, ஓடிய தூரம், அன்றைக்கு ஓடிய ஆகக் கூடிய வேகம். எது வேண்டுமோ அது வரும்வரை ஒரு பொத்தானை அமத்த வேண்டும். பின்பக்கம் இன்னொரு குழி. அதைப் பேனை முனையால் குத்தினால் மைல், இன்னொரு தரம் குத்தினால் கிலோமீற்றர்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். ஐந்து மைல் எட்டுக் கிலோமீற்றர் என்று வருசத்துக்கு நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். என் மனிசனைப் பற்றியும் எனக்குத் தெரியும். பத்து என்றால் பதினைந்து ஓடுவார். ஆகவே கிலோமீற்றரில் விட்டேன். பத்துக் கிலோமீற்றர் ஆறு மைலும் கொஞ்சமும். அவர் களவாகப் பதினைந்து ஓடினாலும் டொக்டரின் பத்து மைலைத் தாண்டாது. எண்ணுக்குப் பக்கத்தில் கிலோமீற்றர் என்று எறும்பளவு எழுத்து இருந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போடாமல் அது அவருக்குத் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுவது கிழவன்மாரின் வேலை என்பது அவர் கொள்கை.

"வேகம் மட்டும்தான் தெரிய வேணும். பொத்தானை அமத்திப் போடாதையுங்கோ, பழுதாப் போகும்" என்றேன். தூரத்தைப் பார்த்தால் ஏழு மைல் பதினொன்று என்று வந்து என் குட்டு உடையும். வெளிநாட்டுச் சாமான் என்ற பயத்தில் அவரும் அதைத் தொடவில்லை. பின்னேரம் வந்ததும் நானே பொத்தானை அமத்தி, அன்றைய கூடிய வேகத்தைப் பார்த்து, அழித்துவிடுவேன். பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் அன்று தேத்தண்ணிக்குச் சீனி இல்லை.

பாவம், ஊர்ந்து போனார். கம்பஸ் பெடியள் மணி அடித்துக்கொண்டு கடந்தார்கள். மீன் கடகம் கட்டிய கிழவர் ஒருவர் கடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் படலையில் நின்று கேட்டார்.

"என்ன அண்ணை, பின்னாலை சாமியைக் கொண்டு வாறியளோ? மேளகாரரைக் காணேல்லை?"

"பத்து மைல் ஓடிப் பார், தெரியும்!" என்று இவர் கத்தினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் சுட்டது. முந்தி அரை மணித்தியாலத்தில் போன றோட்டுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. ஆமி மறிக்கிற சென்றிகளில் இறங்கி உருட்ட வேண்டி இருந்ததால் பழி அவற்றின் தலையில் விழுந்தது.

குட்டை உடைத்ததும் சென்றிதான். எண்பத்தொன்பது ஆடி மாதம். வேலை முடிந்து வருகிறபோது கோண்டாவில் பக்கத்தில் நின்ற இந்திய ஆமிக்காரன் வயரைக் கண்டுவிட்டான். சைக்கிளில் வயர் என்றால் விடுவானா? துவக்கை நீட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறான். இவருக்கு ஹிந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. முன்சில்லைத் தூக்கிச் சுற்றிக் காட்டியிருக்கிறார். எண் ஓடியதும் அவனுக்குச் சின்னப் பெடியன் மாதிரிச் சந்தோசம். துவக்கைத் தோளில் போட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினான். மணி வந்தது. இன்னொரு தரம் அமத்தினான். தூரம் வந்தது. அந்தச் சின்ன எழுத்தில் விரலை வைத்து, "கிலோமீட்டர்! கிலோமீட்டர்!" என்று தலையாட்டினான்.

அன்று அவர் படலையைத் திறக்கவில்லை, சைக்கிளால் இடித்துக்கொண்டு வந்தார். முகம் செத்தல் மிளகாய் நிறம்.

"ஆமிக்காரன் சொல்லித்தான் என்ரை பெண்டிலின்ரை கள்ளம் எனக்குத் தெரிய வேணுமோ?"

நான் காண்டிலுக்குக் கிட்டப் போய்ப் பொத்தானை அமத்தினேன். அன்றைய கூடிய வேகம் முப்பத்தொன்று.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. கையில் இருந்த அகப்பையை எறிந்தேன். அவர் மேல் அல்ல, மீற்றர் மேல். அது படாமல் போனது.

"முப்பத்தொண்டு! சோளகக் காத்து முதுகிலை தள்ளத் தள்ள மிதிச்சனீங்கள், என்ன? றோட்டிலை செத்துக் கிடந்தால் ஆர் தூக்கிறது? நான் கள்ளிதான். ஓம், கள்ளி. ஏழு மாதம் உங்களைக் கள்ளத்திலைதான் உயிரோடை வைச்சிருந்தனான்!"

"ஊர் முழுக்க என்னைப் பாத்துச் சிரிச்சுது, தெரியுமோ உமக்கு?"

"சிரிக்கட்டும். அழுறதை விடச் சிரிக்கிறது நல்லது."

இரண்டு நாள் கதைக்கவில்லை. வேலைக்கு உருட்டிக்கொண்டு போனாரோ ஓடிக்கொண்டு போனாரோ, நான் பார்க்கவில்லை. மீற்றரைத் தொடவும் இல்லை. மூன்றாம் நாள் நானே பேனையைக் கொண்டுபோய், "இஞ்சாருங்கோ, மைலுக்கு மாத்தி விடுறன். டொக்டர் சொன்னது மைல்தான்" என்றேன். எனக்கு அது லேசான வேலை இல்லை.

அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வேண்டாம். கிடக்கட்டும்."

"ஏன்?"

"முப்பத்தொண்டு ஓடின அண்டைக்குச் சுன்னாகத்திலை இறங்கிக் குந்தி இருந்தனான். நெஞ்சு பிடிச்சது. சோடாக் கடைக்காரன் தண்ணி தெளிச்சவன்." துணியைப் பிழிந்தார். "உமக்குச் சொல்ல வேண்டாம் எண்டு இருந்தனான்."

நான் பேனையை மூடினேன். அவர் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளே போய்ச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தேன்.

அதன் பிறகு பொத்தான் அவர் கையில். போகும்போது மணியைப் பார்த்தார், வரும்போது வேகத்தை. வீட்டுக்கு வந்ததும், நான் கேட்குமுன் தானே கூடிய வேகத்தை எடுத்து, றிப்போட் காட்டுகிற பிள்ளை மாதிரி என் மூக்குக்கு முன்னால் நீட்டுவார்.

"பதினொண்டு. பாத்தீரோ?"

"பாத்தன். காலைக் கழுவுங்கோ."

அடுத்த வருசம் திரும்பச் சண்டை மூண்டு, பற்றரிக்குத் தடை வந்தது. றேடியோ கேட்கவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றினோம். சட்டைப் பொத்தான் அளவு பற்றரிக்கு எங்கே போவது? எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு நாள் கண்ணாடி வெறுமையாகிவிட்டது. கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. அன்றும் வந்து இறங்கி, வெறும் கண்ணாடியில் பொத்தானை அமத்தினார்.

"பதினொண்டு."

"எங்கை கிடக்கு பதினொண்டு?"

"காலுக்குத் தெரியும். நீர் நம்பும்."

ஏழு மாதம் பொய் சொன்னவள் நான். நம்பாமல் என்ன செய்வது? நம்பினேன். ஒவ்வொரு பின்னேரமும் பதினொன்று என்றார், ஒவ்வொரு பின்னேரமும் ஓம் என்றேன். ஆனால் சேட்டுத் தோய்க்கிறவளும் நான்தானே. ஒரு நாள் அதைக் கழற்றி வாங்கினால் முதுகு முழுக்க வேர்வையில் தெப்பம்.

"இது பதினொண்டோ?"

சேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பதின்மூண்டு. ஒரு பெடியன் முந்தப் பாத்தான்."

"முந்தினவனோ?"

"ஓம். விட்டிட்டன்" என்றார்.