போட் இல்லாத மாலை

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் சுகுணாவின் தையல் கடைக்கு ஞாயிறும் லீவு கிடையாது. கணவன் விட்டுப்போன பிறகு இரண்டு பெண்களையும் அந்த மெஷினை மிதித்துத்தான் படிக்கவைத்தாள். அவளை வற்புறுத்தி ஹேவ்லாக் தீவுக்குக் கப்பலேற்றியவர்கள் பள்ளித் தோழிகள் ரூபாவும் அஃப்ஷீனும். வாடகை சைக்கிளில் சுற்றிவிட்டு, ரூபாவுக்குத் தெரிந்தவரின் பாக்குத் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம்.

கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து தோட்டம் பக்கம்தான். போய்ச்சேரப் பாதி நாள் ஆனது. ரூபா ஒவ்வொரு வளைவிலும் இறங்கி போட்டோ எடுத்தாள். அஃப்ஷீன் இளநீர்க் கடையில் உட்கார்ந்தால் எழுவதில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தே சுகுணாவுக்குக் கழுத்து வலித்தது.

“கொஞ்சம் ஜல்தி வாங்கடி.”

“ஆராம்சே போலாம். பிளவுஸ் டெலிவரியா குடுக்கப் போற?” என்றாள் அஃப்ஷீன்.

தோட்டத்தில் பையைப் பிரித்தால் கூடாரத்துணி மட்டும் இருந்தது. கம்பிகள் ரூபா வீட்டுக் கட்டிலுக்கு அடியில். அதற்கும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மணல் ஈ கடித்துக் கால் முழுக்கத் தடித்திருந்த சுகுணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேசாமல் சைக்கிளை எடுத்தாள். சாயங்கால போட்டைப் பிடித்து வீட்டுக்கே போய்விடுவது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே மிதித்தாள்.

ஜெட்டி கவுன்ட்டரில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “ஹவா ஜாஸ்தி. ஆஜ் போட் நஹி. கல் ஆயியே.” காற்று அதிகமாம், இன்றைக்கு போட் கிடையாதாம், நாளைக்கு வரவேண்டுமாம்.

சுவரோரம் உட்கார்ந்தாள். அழுகை வரும் போலிருந்தது, பசிதான் வந்தது. எப்படிச் சமாதானம் ஆவது, யார் முதலில் பேசுவது என்று யோசித்தபடியே திரும்பி வந்தாள்.

அவர்கள் துணியைப் பாக்கு மரங்களில் இழுத்துக் கட்டி, அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

“இவ்ளோ நேரமா?” என்றாள் ரூபா. “மீன் எங்கடி?”

“என்ன மீன்?”

“மீன் வாங்கத்தானே போன? மசாலா அரைச்சு வச்சிட்டோம்.”

சுகுணா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபித்துக்கொண்டு போனதைக்கூட இவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லத் தெம்பில்லை. சைக்கிளைத் திருப்பினாள்.

“சூரை கெடைச்சா போதுமா?”

அஃப்ஷீன் தன் சைக்கிளையும் எடுத்தாள். “இரு, நானும் வரேன். உனக்கு மீன் பாத்து வாங்கத் தெரியாது.”