ஓடாத டயரின் வயது

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். லீவில் வரும் இரண்டு மாதத்துக்காகவே ஒரு கார் வாங்கி வைத்திருக்கிறார். தாழ்வான உடம்பு, அகலமான டயர், மிதித்தால் பறக்கிற வகை. மீதிப் பத்து மாதமும் அது ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும். "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் மட்டும் பண்ணு. நகத்திறாத, டயர் தேஞ்சிரும்" என்பது அவர் உத்தரவு. எனக்கும் கார் ஓட்டத் தெரியும், உத்தரவுதான் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, சக்கரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டயர் கறுகறுவென்று மின்னத் தேங்காய் எண்ணெய் தடவி வந்தேன்.

போன தடவை லீவுக்குக் கிளம்பும் முன் போன் செய்தார். மகளை மதுரைக் கல்லூரியில் சேர்க்க இந்தக் காரில்தான் போகிறோமாம். "திருமங்கலம் தாண்டிட்டா ரோடு வழுவழுன்னு கெடக்கும். ஒரே அழுத்துதான். எதுக்கும் டயரை யார்ட்டயாவது காட்டிரு." மகள் குதியாய்க் குதித்தாள். நானோ ஷெட்டுக்குப் போய் டயரைக் குனிந்து பார்த்தேன். அந்த வேகத்தில் உட்காரப் போவது என் ஒரே பிள்ளை.

தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். பட்டன் பட்டனாகப் புடைத்திருந்த டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "அக்கா, பட்டன் கொஞ்சங்கூடத் தேயல. புது டயரு மாதிரி இருக்கு. தாராளமாப் போங்க" என்றார். அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் உத்தரவை மீறி நானே மெதுவாக ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரிய டயர் கடைக்குப் போனேன். வழியெல்லாம் தட் தட்டென்று சத்தம்.

அந்தக் கடைக்காரர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. டயர் பக்கவாட்டில் எண் தேடினார். வெளிப்பக்கம் இல்லை. காருக்கு அடியில் போனை நீட்டி உள்பக்கத்தைப் படம் எடுத்தார்.

"கடைசி நாலு எண்ணைப் பாருங்கம்மா. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். நாலு டயருக்கும் ஒம்பது வயசு."

"ஓடவே இல்லையே!"

"ஓடாட்டியும் வயசாகும்லா?"

ஒரு துணியால் எண்ணெயை அழுத்தித் துடைத்தார். எண்ணெய்க்கு அடியில் முடி மாதிரி மெல்லிய வெடிப்பு. என் எண்ணெய் இத்தனை நாள் அதை மூடி மறைத்திருக்கிறது. ரப்பருக்கு எண்ணெயே ஆகாதாம். நகத்தால் குத்திப் பார்க்கச் சொன்னார், இறங்கவில்லை. "வேகத்துக்குன்னே செஞ்ச டயரு. ரப்பர் மெத்துனு இருந்தாத்தான் ரோட்டைப் பிடிக்கும். இது காஞ்சு போச்சு. ஒரே எடத்துல நின்னு அடியும் தட்டையாயிருச்சு, அதான் சத்தம்."

இவர் டயர் விற்கிறவர், இப்படித்தானே சொல்வார்? பஞ்சர் கடைக்காரர் தினமும் நூறு டயர் பார்க்கிறவர், அவருக்குத் தெரியாதா? கார் வாங்கியபோது நாலும் புதுசு என்றாரே என் வீட்டுக்காரர்! வெடிப்பைக் கண்ணால் பார்த்தேன், பள்ளத்தையும் கண்ணால் பார்த்தேன். எதை நம்புவது? சே, என்ன எழவோ என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் வந்திறங்கினார். கிளம்புகிற அன்று காலையில் மகள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததும், பெரிய டயர் கடைக்காரர் சொன்னதைச் சொல்லி, நான் கார் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருச்சா? பட்டனைப் பாரு. ஓடாத டயரு எப்படிப் பழசாகும்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நானுந்தான் இந்த வீட்டை விட்டு எங்கயும் ஓடல. நின்ன எடத்துலயே நிக்கேன். நான் பழசாகலையா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் என் மூஞ்சியைப் பார்த்தார். பிறகு மகளை இறங்கச் சொன்னார்.

பஸ்ஸில்தான் போனோம். திருமங்கலம் தாண்டி ரோடு வழுவழுவென்று வந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்: "கல்யாணம் ஆகி இருவது வருசத்துல, நாம சேந்து இருந்தது நாலு வருசம் வருமா, ஏட்டி?"

"வராதுன்னு நெனைக்கேன்" என்றேன்.