பட்டியலில் இல்லாத ஏழு வீடுகள்

கரண்ட் வந்ததும் போட்டோகொப்பி மெஷினிலிருந்து ஒரு சூட்டு வாசம் எழும்பும். ஓர்ஸ் ஹில்லில், போட்டோகொப்பியும் டைப்பிங்கும் செய்துகொடுக்கும் கொம்யூனிகேஷன் கடையில் வேலை செய்த காலத்தை நினைத்தால் முதலில் அந்த வாசம்தான் வருகிறது... பிறகு கோபம் வருகிறது.

மண்ணெண்ணெய்க்கும் சமையல் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. படகுக்கு எண்ணெய் எடுக்கப் போன அப்பா வரிசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உயிரோடு திரும்பி வரவில்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் கோபித்தேன். கடவுளையும் விடவில்லை.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான்... இரண்டு மாதம். சாப்பாட்டுக் கோப்பை அப்படியே திரும்பி வரும். கேட்பது ஒரேயொரு கேள்வி.

"எங்கட வீட்டுக்கு மாதா எப்ப வாறா?"

செபமாலை மாதமான ஒக்டோபரில் மாதா சொரூபம் எங்கள் பகுதியில் நாளுக்கொரு வீடாகப் போகும். பின்னேரம் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்வோம். முடிந்ததும் அந்த வீட்டார் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுப்பது வழக்கம்.

அந்த வருஷப் பட்டியலை டைப் பண்ண எங்கள் கோயில் பகுதிச் செயலாளர் நான் வேலை செய்த கடைக்கே வந்தார். எங்கள் வீட்டோடு சேர்த்து ஏழு வீடுகள் அதில் இல்லை.

"பால்மாவும் இல்லாத நேரம். பாவம், கஷ்டப்பட்ட சனத்துக்கு ஏன் கரைச்சல் எண்டு விட்டனாங்கள், தம்பி."

நல்ல மனுஷன். அதுதான் இன்னும் எரிச்சல். நானும் ஒரு வார்த்தை பேசாமல் டைப் பண்ணிக் கொடுத்தேன். அதற்காக என் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்றும் ஆறவில்லை.

மாதம் தொடங்கியதும் அம்மா மறுபடி கேட்டார். மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

எழும்பினார். தலையை இழுத்து முடிந்துகொண்டு, அன்று மாதா இருந்த வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அங்கே செபம் முடிந்து பிஸ்கட் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"மாதாவைத் தாங்கோ. நான் கொண்டு போறன்."

செயலாளர் எழும்பி வந்தார். "அக்கா, உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?"

"கரைச்சல் வந்த வீட்டுக்கு வராம வேற எங்க போறது? மாதா என்ன, தேத்தண்ணி குடிக்கவோ வாறா?"

அம்மா சொரூபத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வீடு நிறைந்தது. கொடுக்கத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. செபம் முடிந்ததும் அம்மா மாதாவோடு சண்டைக்கே போய்விட்டார்.

"பிள்ளையைச் சாகக் குடுத்தனீங்கள்தானே, உங்களுக்குத் தெரியாதோ? இனி நான் என்ன செய்ய, சொல்லுங்கோ."

பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் அம்மா சொரூபத்தோடு விடுபட்ட அடுத்த வீட்டுக்குப் போனார். பிறகு அதற்கடுத்த வீடு... ஏழும் முடிந்தும் ஓயவில்லை. எங்கே சாவு, எங்கே அடுப்பு எரியவில்லை என்று தேடிப் போனார். கஞ்சி காய்ச்சினார், கூட இருந்து செபித்தார்.

"எனக்கு இன்னும் வேலை இருக்கெண்டுதான் ஆண்டவர் விட்டு வச்சிருக்கிறார்" என்பார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் கோயில் வாசலை மறுபடி மிதித்தேன்.

இப்போது பால்மா தாராளம். பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது. ரோல்ஸ், கேக், ஐஸ்கிறீம்... தட்டு காலியானதும் ஆட்களும் காலி. அன்று வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்ப மனமில்லாமல் இருந்த அதே சனம்தான்.

நேற்று இந்த வருஷப் பட்டியல் வந்தது. நான்கு வீடுகள் இல்லை. கேட்டால் அதே பதில்... பாவமாம்.

போய்ச் சண்டை பிடிக்க அம்மா இல்லை. போன தவக்காலத்தில் அவரும் போய்விட்டார்.

இன்று செபமாலை மாதம் தொடங்குகிறது. பின்னேரம் நான் போகிறேன். மாதாவைத் தூக்கிக்கொண்டு வர... அந்த நான்கு வீடுகளுக்கும்.